முந்தியது வேறு, வழிகாட்டியது வேறு: பத்து ராக இசைத்தட்டு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

சரண்ஜித் சிங்கின் பத்து ராக இசைத்தட்டைப் பற்றி உங்கள் வார இதழின் கலைப்பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தோம். மின்னிசை என்றால் 1992இல் வந்த ‘ரோஜா’விலிருந்துதான் நம்மவர்கள் கணக்கெடுப்பார்கள். அதற்குப் பத்து வருடம் முந்திய ஒரு தட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகை அரைப்பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். ஆனால் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற மேலைநாட்டு நடன இசையே இந்தத் தட்டிலிருந்துதான் பிறந்தது என்று கட்டுரையாளர் முடித்திருப்பது பிழை. சரண்ஜித் சிங்குக்குப் பெருமை சேர்ப்பது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் செய்த வேலையை இந்தப் பிழை மூடி மறைத்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

நடந்தது இவ்வளவுதான். இந்திப் படப் பாடல் பதிவுகளில் கிட்டாரும் சின்தசைசரும் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982இல் பம்பாயில் மூன்று ஜப்பானியப் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ஹிந்துஸ்தானி ராகங்களைப் பதிவுசெய்தார். மூன்றும் ரோலண்ட் தயாரிப்புகள். தாளத்துக்கு 1980இல் வந்த டிஆர்-808, அடிநாதத்துக்கு, அதாவது பேஸ் வரிசைக்கு, 1981இல் வந்த டிபி-303, மேல்வாசிப்புக்கு எட்டுக் குரல் ஜூப்பிட்டர்-8. தட்டு விற்கவில்லை, மறைந்துபோனது. ஆசிட் ஹவுஸின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஃபியூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ சிக்காகோவில் 1987இல் வெளிவந்தது. அந்த இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது தட்டல்ல, பெட்டி. 1984இலேயே உற்பத்தி நின்றுபோய், பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்த டிபி-303. நெதர்லாந்தைச் சேர்ந்த ‘பொம்பே கனெக்‌ஷன்’ நிறுவனம் 2010இல் மறுபதிப்பு போட்ட பிறகுதான் சரண்ஜித் சிங்கின் பெயர் வெளியுலகில் அடிபட்டது. ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்தார், 2015இல் காலமானார்.

ஆக, அவர் முந்தியவர். ஆனால் வழிகாட்டியாக இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அப்படி நேரடியாக வழிகாட்டிய தட்டு எது என்று கேட்டால், ஜேர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977இல் வெளியிட்ட ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ஸைச் சொல்லலாம். அதன் மெட்டை எடுத்து 808இன் தாளத்தில் வைத்துத்தான் நியூயோர்க்கில் 1982இல் ‘பிளானட் ராக்’ என்ற பாட்டைச் செய்தார்கள். அங்கே சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரிவதாக எழுதக்கூடாது.

இனி, கட்டுரை தொடாமல் விட்ட பக்கம். கீபோர்ட் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு எந்த வகையில் உதவும் என்பதுதான் அது. எங்கள் கணிப்பில் அதன் உண்மையான செல்வாக்கு இனிமேல்தான் வரவேண்டும், அதுவும் நம்மைப் போன்றவர்களிடமிருந்து.

ராகத்தை டிஸ்கோ தாளத்தில் வைத்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அவர் வேண்டாமென்று விட்டது ஒன்று இருக்கிறது: கோர்ட் மாற்றம், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை மாற்றுவது. டிஸ்கோ பாட்டில் இரண்டு நான்கு சுற்றுக்கு ஒருமுறை கோர்ட் மாறும். இந்தத் தட்டில் மாறாது. ஸட்ஜம் ஓரிடத்தில் நிற்கும். அடிநாதம் ராகத்தின் ஸ்வரங்களுக்குள்ளேயே ஓடும். அதன் மேல் கையால் வாசிப்பு. தம்பூராவின் வேலையை டிபி-303 செய்கிறது, ஓடிக்கொண்டே செய்கிறது.

நம் மலையகத் தோட்டக் கோயில் மேடைகளில் கீபோர்டும் ராகமும் ஒட்டாமல் போவது இந்த இடத்தில்தான். பக்கவாத்தியத்தைப் பெட்டியே வாசிக்கும் ஓட்டோ அக்கம்பனிமென்டைப் போட்டு, இடது கையில் ஒற்றை விரலை ஒரு கட்டையில் வைக்கிறார்கள். பெட்டி ஸ, அந்தர காந்தாரம், ப மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும். வலது கையில் வாசிப்பது ஹிந்தோளம் என்றால் அந்த மூன்றில் இரண்டு ராகத்துக்கே அந்நியம். ஹிந்தோளத்துக்கு ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம்தான்; பஞ்சமம் அறவே கிடையாது. மைனர் கோர்ட் போட்டால் காந்தாரம் சரியாகும், பஞ்சமம் அப்படியே நிற்கும். கோர்ட் வேண்டியே தீரும் என்றால் மத்யமத்தை அடியாக வைத்த மைனர், அதாவது ம-த-ஸ. அல்லது தைவதத்தை அடியாக வைத்த மேஜர், த-ஸ-க. இரண்டிலும் அந்நிய ஸ்வரம் வராது. அதைவிட நல்லது, ஸ்டைலில் தாளத்தை மட்டும் ஓடவிட்டு பேஸையும் கோர்டையும் மியூட் செய்வது. பெரும்பாலான கீபோர்டுகளில் அக்கம்பனிமென்ட் பொத்தானை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தினாலே போதும்.

சுருதியையும் ராகத்தைப் பார்த்தே வைக்கவேண்டும். மோகனத்துக்கு ஸ-ப. ஹிந்தோளத்துக்கு ஸ-ம.

தட்டிலுள்ள ராகங்களில் பெரும்பகுதி நம் காதுக்குப் பழகியவைதான். பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், யமன் கல்யாணிச் சாயல், கலாவதி வலசி, பைராகி ரேவதி, மேக்மல்ஹார் மத்யமாவதியின் ஸ்வரங்கள். லலித் மட்டும் தனிரகம். பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்யமமும் அருகருகே வரும். மேளகர்த்தா என்னும் தாய்ராகக் கணக்கில் அடங்காது. பயிற்சிக்கு ஐந்து ஸ்வர ராகங்களில் தொடங்குங்கள். எங்கள் காதுக்குத் தட்டிலும் பூபாலி, மால்கௌன்ஸ், கலாவதி மூன்றும்தான் முழுதாக நிற்கின்றன. ஸ்வரங்களுக்கிடையே நல்ல இடைவெளி இருப்பதால், பெட்டி ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றதுக்கு வழுக்கும்போது நடுவில் வேறு ராகத்தின் வாடை வருவதில்லை. ஸ்வரங்கள் நெருங்கி நிற்கும் ராகங்களில் கமகம்தான் உயிர். அங்கே இந்த முறை இளைத்துப்போகிறது. பத்துக்கும் ஏறக்குறைய ஒரே தாளத்தை ஓடவிட்டதும் ஒரு குறையே.

டிபி-303இல் வடிவம் அமைக்கும் விதத்தைச் சொல்லாமல் இந்த இசையைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு சுற்று 16 படி. முதலில் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக அடிக்கவேண்டும். பிறகு தனியாக எந்தப் படியில் ஒலி, எதில் நீட்டல், எதில் மௌனம் என்று காலத்தை அடிக்கவேண்டும். ஹிந்தோளத்தில் ஓர் உதாரணம், காற்புள்ளி மௌனம்:

ஸ , ஸ க | ம , ஸ ஸ் | , நி த ம | , க ம நி

எட்டாம் படியில் புள்ளி வைத்த ஸ் மேல்ஸ்தாயி. கடைசி நி கீழ்ஸ்தாயி, அது அடுத்த சுற்றின் ஸட்ஜத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். 16 படி என்றாலும் இதில் ஸ்வரங்கள் 12தான். புதியவர்கள் மௌனத்துக்கும் ஒரு ஸ்வரம் அடித்து 16 ஆக்கிவிடுவார்கள். உடனே முதல் ஸ்வரத்துக்குப் பிந்தியவை எல்லாம் இடம்மாறி, வடிவமே குலைந்துவிடும். சிக்காகோக்காரர்களுக்கு இந்தக் குளறுபடியே விருந்தாக இருந்தது. ராகம் வாசிப்பவருக்கு ஆகாது. அழுத்தத்தை 1, 8, 12ஆம் படிகளில் வையுங்கள். வழுக்கலை க-ம, த-ம இரண்டில் மட்டும். எல்லாப் படியிலும் வழுக்கல் போட்டால் தாளம் கரைந்துவிடும்.

வேகம் நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு படி ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்கு, 16 படி இரண்டு விநாடி. ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு இரண்டு சுற்று. ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ரசாபு வேண்டுமென்றால் அடிநாதத்தின் கடைசிப் படியை 14இல் நிறுத்திவிடலாம். தாளப்பெட்டியை 16இலேயே விட்டால் இரண்டும் 112 படிக்கு ஒருமுறை சமத்தில், அதாவது சுற்றின் முதல் படியில், சந்திக்கும். தாளத்துக்கு 7 சுற்று, அடிநாதத்துக்கு 8 சுற்று, மொத்தம் 14 விநாடி. கோர்வை வைப்பவர்களுக்கு இந்த 14 விநாடி ஒரு புதையல். சரண்ஜித் சிங் நான்கடித் தாளத்தை விட்டு இந்தப் பக்கம் வரவில்லை. நம்மவர்கள் வரலாம்.

இரண்டு பெட்டியையும் சேர்த்து ஓட்டும் வயர் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னிசைக் கருவிகளை இணைக்கும் பொதுமுறையான மிடி வந்தது 1983இல். அதற்கு முந்திய இந்தப் பெட்டிகள் ஒரு கால் நோட்டுக்கு, அதாவது நான்கு படிக்கு, 24 துடிப்பு அனுப்பும் வேறொரு ஒத்திசைவு முறையில் ஓடுகின்றன. பிளக் மட்டும் மிடியைப் போலவே ஐந்து ஊசி. பழைய பெட்டி கையில் கிடைத்தவர்கள் மிடி வயரைச் செருகிவிட்டு, பெட்டி செத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வார்கள். மலிவான மிடி வயர்களில் 2, 4, 5ஆம் ஊசிகளுக்கு மட்டுமே கம்பி இருக்கும். ஒத்திசைவுக்குத் தேவையான தொடக்கச் சைகை 1இலும் துடிப்பு 3இலும் போகும். ஐந்துக்கும் கம்பி உள்ள வயர் வேண்டும். இரண்டு முனையும் அதே முறையைப் பேசவும் வேண்டும். மிடிக்கும் இதற்கும் நடுவே மாற்றுப்பெட்டி இல்லாமல் ஓடாது. அசலைத் தேடி அலையவும் தேவையில்லை. 2019இல் வந்த பெஹ்ரிங்கர் டிடி-3 போன்ற நகல்களில் மிடியும் யூஎஸ்பியும் உண்டு. கைபேசிச் செயலியும் போதும். ஆனால் கைபேசியிலிருந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஒலி ஒரு படிக்கு மேலேயே பிந்தி வரலாம். வயரில்தான் கொடுக்கவேண்டும்.

இப்போது மேடைக்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் திருவிழாக்களில் இந்த இசையைக் கெடுப்பது பெரும்பாலும் வாசிப்பவரல்ல, ஹோர்ன் ஒலிபெருக்கி. 808இன் பேஸ் டிரம் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மரத்தில் கட்டிய ஹோர்ன் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. தராததோடு விடாமல், அந்த அடியின் விசை யூனிட்டின் மெல்லிய தகட்டை அசைத்துக் கிழித்துவிடும். ஹோர்னுக்குப் போகும் வழியில் மிக்ஸரின் லோவை முழுதாகக் குறையுங்கள். அம்ப்ளிஃபயர்காரரிடம் தடுப்புக் கண்டென்சர் உண்டா என்றும் கேளுங்கள். அடிநாதத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, சதுர அலைக்குப் பதிலாக ரம்பப்பல் அலையைத் தெரிவுசெய்யுங்கள். ரம்பப்பல் அலையில் மேல்சுரங்கள் எல்லாம் இருப்பதால், அடிச்சுரம் வராவிட்டாலும் காது தானாக நிரப்பிக்கொள்ளும். ஒலியைக் கூராக்கும் ரெசொனன்ஸ் குமிழை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அதன் கூர்மை ஹோர்ன் மிக உரக்கக் கத்தும் இடத்தில் போய் உட்கார்ந்தால் கூட்டம் காதைப் பொத்தும்.

பேஸ் பெட்டி இருக்கும் இடத்தில் வேறொரு சிக்கல். 50 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைச் சுருதிக்குச் சற்று மேல். ஒரு கட்டையில் ஸட்ஜம் வைத்து ஹிந்தோளம் வாசித்தால், நீட்டி விட்ட பேஸ் டிரம் இல்லாத பஞ்சமத்தைப் பாடிக்கொண்டிருக்கும். டிகே குமிழைக் குறைத்து அடியைக் குட்டையாக்கினால் அது ஸ்வரமாகக் கேட்காது, வெறும் அடியாகக் கேட்கும். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். அம்ப்ளிஃபயரில் இரைச்சல் இருந்தால் அதுவும் அதே பஞ்சமம், போதாக்குறைக்குச் சுருதி ஏறின பஞ்சமம். ஐந்து கட்டையில் வைத்தால் இரைச்சல் ஸட்ஜத்தோடு மோதி விநாடிக்கு ஒரு அலையாக ஆடும்.

இந்த இரைச்சல் பெரும்பாலும் எர்த் வளையத்தால் வருவது. கீபோர்ட் ஒரு பிளக்கில், அம்ப்ளிஃபயர் வேறொரு கட்டடத்துப் பிளக்கில் என்று எடுத்தால் வர வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் நடுவில் டிரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பெட்டி வையுங்கள். இரைச்சல் போவதற்காக எர்த் கம்பியை வெட்டிவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. மழையில் நனைந்த மேடையில் அது உயிரோடு விளையாடுவது.

தப்பு மேளத்தோடு சேர்த்து வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: செய்யலாம், அழகாக வரும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆட்களைக் கூட்டுவதற்கு, அடிக்கும் தப்பின் அடியை 808இன் கொங்காவில் எழுதிப் பார்த்தால் 16 படிக்குள் கச்சிதமாகப் பொருந்துகிற வடிவங்கள் நிறைய. ஆனால் தப்பைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றியதும் பனியில் அது மெல்ல இறங்கும், பெட்டி இறங்காது. பேஸ் டிரம்முக்குச் சுருதிக் குமிழ் கிடையாது, கொங்காவுக்கும் டொமுக்கும் உண்டு. அந்தக் குமிழைத் தப்புக்கு ஏற்ப ஒருவர் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். காலத்தில்தான் பெரிய பிசகு நேரும். தப்புக்காரர் 40 மீட்டர் தள்ளி இருக்கும் ஹோர்னைக் கேட்டு அடித்தால், ஒலி அவரிடம் வந்து சேரவே ஏறக்குறைய ஒரு படி நேரம் ஆகும். அவர் பிந்துகிறார் என்று வைவார்கள். அவர் கேட்டதற்குச் சரியாகத்தான் அடிக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, 808இன் கௌபெல்லை மட்டும் கொடுங்கள். காமன் கூத்து மாதிரி ஆட்டக்காரர் காலத்தை இழுத்துப் பிடிக்கும் இடங்களில் பெட்டியை நிறுத்திவிடுவதே மரியாதை. இயந்திரத்துக்கு ஆட்டக்காரரின் காலைப் பார்க்கத் தெரியாது.

அடப்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கேஷியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், நடுமுனை மறை (-). யமஹாவுக்கு வழக்கமாக 12 வோல்ட், நடுமுனை நேர் (+). பிளக் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் கீபோர்ட் உள்ளே பழுதாகிவிடும். பெட்டியின் பின்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். குளிரில் வேனில் வந்த கீபோர்டை மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் போடவேண்டாம். உள்ளே நீர் கோத்திருக்கும், அரை மணி நேரம் விடுங்கள். அனலொக் சின்தசைசர் என்றால் போட்ட பிறகும் சூடேறும் வரை சுருதி நகரும். ஜூப்பிட்டர்-8இல் சுருதியைத் தானே சரிசெய்யும் பொத்தான் வைத்ததே அதற்காகத்தான்.

மறுபதிப்புக்குப் பின் இந்தத் தட்டைக் கேட்ட மேலைநாட்டுக் கலைஞர்கள் வியந்தது, அவர்களுடைய பெட்டியில் அவர்களுக்குத் தெரியாத ஓர் ஒழுங்கு ஓடுவதைக் கண்டுதான். அந்த ஒழுங்கு நமக்கு நாதஸ்வரக்காரரின் வாசிப்பிலேயே தினமும் காதில் விழுகிறது. அதை 16 படிக்குள் கொண்டுவருவதற்குப் பத்து மாதிரிகள் கையில் இருக்கின்றன. ‘உலகத்துக்கே முன்னோடி’ என்ற பட்டத்தைவிட அந்த மாதிரிகள் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

கடைசியாகத் திருத்தம் ஒன்று. தட்டிலுள்ள டோடியைக் கட்டுரை ‘நமது தோடி’ என்கிறது. அல்ல. ஹிந்துஸ்தானி டோடியின் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியுடையவை. நம் தோடியின் ஸ்வரங்களுக்கு அங்கே கிட்டத்தில் நிற்பது பைரவி. அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். இல்லாவிட்டால் எங்களைவிட நீளமாகக் கடிதம் எழுதக்கூடிய நாதஸ்வர வித்துவான்கள் இந்த மலைகளில் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கீபோர்ட் வாசிப்போரும் ஒலிபெருக்கி திருத்துவோருமாகச் சிலர்,
ஹட்டன்